மூன்றாவது கியருக்கு வெற்றிலை பாக்கு

என் மனைவி மயிலாத்தாளைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் எங்கள் வண்டியின் மூன்றாவது கியரைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். கோவையில் ஒரு மருத்துவமனையின் வாசல். சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஊழியர் காத்திருந்தார்.

"ஏனுங்க, நான் பக்கத்துல இல்லீன்னா நீங்க வேகமா ஓட்டுவீங்க. இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

முடிச்சு இறுகவில்லை. நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் யாரையும் விடவில்லை. நான்காம் நாள் அவளுடைய செருப்பையும் மூக்குக்கண்ணாடியையும் என்னிடம் கொடுத்தார்கள். கியரைப் பற்றி நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் கேட்பது நன்றாக இருக்காது.

வண்டி பழையது. ஏழு பேர் உட்காரும் உயரமான டீசல் வண்டி. மகள் நித்தியகலா ஆறாம் வகுப்புப் படிக்கும்போது வாங்கினோம். மூன்றாவது போன பிறகு இரண்டிலிருந்து நேராக நான்குக்குப் போகப் பழகினேன். இரண்டாவது கியர் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கத்தும். நான்கு நாற்பத்தைந்துக்குக் கீழே உதறும். அதனால் முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவிலுள்ள வேகங்களில் ஐந்து வருடமாக நான் இருந்ததே இல்லை. பொள்ளாச்சிச் சந்தைக்குப் பக்கத்து எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மேடையில் என்ன நிற்கிறதோ அதை எழுதிக்கொடுத்து அனுப்புவது பழக்கம். இல்லாததைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

இந்தப் புரட்டாசியில் நித்தியகலா வால்பாறையிலிருந்து போன் செய்தாள். அங்கே எஸ்டேட் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். ஒன்பதாவது மாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது என்றும், வலி எடுப்பதற்கு முன் பொள்ளாச்சிக்கு வந்துவிட வேண்டும் என்றும், மலையில் வலி வந்தால் இரண்டு உயிருக்கும் உத்தரவாதம் இல்லை என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். மாப்பிள்ளை டாக்சி பேசியிருக்கிறார். இவள் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். போன மாதம் டாக்சியில் மலை இறங்கியபோதுதான் குழந்தை குறுக்கே திரும்பியதாம். நம் வண்டியில் ஏறினால் நேராகிவிடும் என்றாள். அது சரிதான். அவளே அந்த வண்டியில்தான் வளர்ந்தாள்.

ஆனால் வால்பாறைச் சாலை முழுவதும் முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில்தான் போடப்பட்டிருக்கிறது. நான் மெக்கானிக் நாச்சிமுத்துவின் பட்டறைக்குப் போனேன்.

நாச்சிமுத்து கியர்பாக்ஸை இறக்கித் திறந்து காட்டினார். மூன்றாவது இருந்த இடம் பெருக்கித் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. தேய்மானம் இல்லை, உடைசல் இல்லை, ஒரு சொட்டு எண்ணெய்கூட அங்கே சிந்தியிருக்கவில்லை. தற்காலிகமாக, சோமனூர் நூல் மில் ஒன்றில் ஓடிக் கழித்த வண்டியின் மூன்றாவதை எடுத்துப் போட்டார். வண்டி நன்றாகத்தான் போனது. ஆனால் மூன்றில் போட்ட உடனே சோமனூருக்குத் திரும்பியது. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் மில் வாசலில், ஷிப்ட் முடிகிற நேரத்துக்குச் சரியாகப் போய் நின்றேன். மூன்றாம் முறை இரண்டு பெண்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பினேன்.

"அது அந்த வீட்டுப் பழக்கம்ங்க. மாத்த முடியாது" என்று அதைக் கழற்றிவிட்டார் நாச்சிமுத்து. பிறகு கையைத் துடைத்த துணியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஒண்ணு சொல்லோணும். உங்க மூணாவது ஒருக்கா வந்துச்சுங்க."

"எப்ப?"

"அக்கா தவறிப்போன வருசம். ஆயுத பூசையன்னிக்கு."

ஆயுத பூஜைக்கு, வருடம் முழுக்க எங்கே போயிருந்தாலும் எல்லாக் கருவிகளும் பொட்டு வாங்கிக்கொள்ள வந்துவிடும். அது எனக்கும் தெரியும். அந்த வருடம் எங்கள் வீட்டில் துக்கம், பண்டிகை கிடையாது. வண்டி இவருடைய பட்டறையில்தான் நின்றது. அந்த வண்டிக்கு மட்டும் சந்தனம், குங்குமம் எதுவும் வைக்க வேண்டாம் என்று நானே சொல்லி அனுப்பியிருந்தேன். மூன்றாவது காலையிலேயே வந்து வண்டியோரம் நின்றிருக்கிறது. ஸ்பானருக்கும் ஜாக்கிக்கும்கூடப் பொட்டு வைத்தார்கள். கடைசியாகப் பூசணிக்காய் உடைக்கும்வரை பார்த்திருந்துவிட்டுப் போய்விட்டது. துக்க வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று நாச்சிமுத்து விட்டுவிட்டாராம்.

"அதுக்கப்புறம் வரலீங்ளா?"

"முறையா அழைச்சாத்தானுங்க வரும். வந்த இடத்துல வான்னு ஒரு வார்த்தை சொல்லல பாருங்க."

நியாயம்தான். கல்யாண வீட்டில் அப்படி நடந்திருந்தால் நானும் போக மாட்டேன்.

மறுநாள் தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு முழம் பூ வைத்துக்கொண்டு கோவைக்குப் பஸ் ஏறினேன். மருத்துவமனையில் விவரம் சொன்னேன். நர்ஸ் பழைய பதிவேட்டைப் பார்த்து, மயிலாத்தாள் படுத்திருந்தது ஏழாம் நம்பர் கட்டில், சத்தம் போடாமல் அழைத்துவிட்டு வாருங்கள் என்றார். கட்டிலில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். தட்டம் வைக்க இடம் வேண்டும் என்று அவரே காலை மடக்கிக்கொண்டார். எனக்கு அழைத்துப் பழக்கமில்லை. மயிலாத்தாள்தான் ஊரை அழைப்பாள். நான் பின்னால் பையோடு நிற்பேன். ஆயுத பூஜைத் தேதியையும் நேரத்தையும் சொன்னேன். முன்பு வந்த அன்றைக்கு வாசல் திறந்திருந்தும் வா என்று சொல்லாதது என் தப்பு என்றேன். மகளுக்குப் பிரசவம் என்றும் சொன்னேன்.

பெரியவர் பூவை மட்டும் எடுத்து முகர்ந்துவிட்டுத் திரும்ப வைத்தார். "சொல்லிட்டீங்கல்ல, போங்க. வரும்" என்றார்.

ஆயுத பூஜை அன்று நாச்சிமுத்துவின் பட்டறையிலேயே வண்டியைக் கழுவி, கியர்பாக்ஸைத் திறந்த நிலையிலேயே வாழையிலையில் வைத்தோம். ஒன்றுக்கும் இரண்டுக்கும் பொட்டு வைத்தேன். மூன்றாவது இடத்தில் இலையைக் காலியாக விட்டு, நான்குக்கும் ஐந்துக்கும் ரிவர்சுக்கும் வைத்தேன். பத்தேமுக்காலுக்கு நித்தியகலா போன் செய்தாள். இடுப்பு லேசாக வலிக்கிறது என்றாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அடிபட்டால் அப்படித்தான் பேசுவாள். நாச்சிமுத்து பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம் என்றேன்.

பதினொன்றுக்கு மூன்றாவது வந்தது. பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் புழுதி. துணி முடிச்சில் வெகுநாள் இருந்த சுருக்கம் அதன் மேல் அப்படியே இருந்தது. ட்ரில்லிங் மெஷினுக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டது.

"வா" என்றேன்.

மெஷினை முந்திக்கொண்டு வரவில்லை. அதன் முறை வந்ததும் வந்தது. சந்தனம் தொட்டுப் பொட்டு வைத்தேன். ஒரு மணிக்குள் நாச்சிமுத்து எல்லாவற்றையும் ஏற்றி மாட்டிவிட்டார்.

நாற்பது கொண்டையூசி வளைவுகளையும் ஏறி, மகளையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு உடனே திரும்பினேன். அவள் பின்சீட்டில் சாய்ந்து, வளைவுக்கு ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டாள். மாப்பிள்ளை வளைவுப் பலகைகளில் இருந்த எண்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். வேறென்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்பதாவது வளைவில் அவள் அவரைப் பேசாமல் வரச் சொன்னாள். ஆழியாறு அணை தாண்டியதும் கேட்டாள்.

"அப்பா, மூணுலயா போறீங்க?"

"ஆமா அம்மிணி."

"அம்மா இருந்தா திட்டும்."

"இது வரைக்கும் திட்டலையே."

அவள் சிரித்தாள். சிரித்த இடத்தில் குழந்தை நேராகத் திரும்பியது. வண்டி ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்ததில் எனக்கும் தெரிந்தது. முப்பத்தெட்டில் போய்க்கொண்டிருந்தேன்.

மறுநாள் மாலை நான்கு மணிக்குப் பொள்ளாச்சி மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ நூறு. தாயும் நலம். டாக்டரம்மா வந்து சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை இனிப்பு வாங்கக் கிளம்பினார். நான் அவரைக் கடைத்தெருவில் இறக்கிவிடலாம் என்று கீழே வந்து வண்டியில் ஏறினேன். கிளட்சை மிதித்து ஒன்றில் போட்டேன், விழவில்லை. இரண்டும் விழவில்லை. நான்கும் ஐந்தும் ரிவர்சும்கூட இல்லை. எல்லாம் குழந்தையைப் பார்க்க மாடிக்குப் போயிருந்தன. பார்வை நேரம் ஆறு மணி வரை.

வண்டியில் மூன்றாவது கியர் மட்டும் என் பக்கத்தில் இருந்தது.