ஆறு பேர் ஏறும் படகு

என் கணவர் கமலநாதனிடம் ஒரு செய்தியைச் சொல்வதும் பிரிக்ஃபீல்ட்ஸ் நடுத்தெருவில் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்றுதான். கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆகியும் இது என் மண்டையில் ஏறவில்லை என்றால், தப்பு அவர் பேரில் மட்டும் இல்லை.

அந்த நாற்பதாவது கல்யாண நாளுக்காக, ஃபுளோரிடாவில் இருக்கும் எங்கள் மகள் ஜனகா, கரீபியன் கடலில் பத்து நாள் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்து அனுப்பினாள். இரண்டே இரண்டு டிக்கெட். "அம்மா, நீங்களும் அப்பாவும் மட்டும், சரியா?" என்று போனில் இரண்டு தடவை சொன்னாள். அவளுக்கு அப்பாவைத் தெரியும்.

அன்று சாயங்காலமே கமலநாதன் கோயிலில் அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேரிடம் சொல்லிவிட்டார். ஒரு மாதத்துக்குள் கிள்ளானிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் ஷா ஆலத்திலிருந்தும் எங்கள் சொந்தக்காரர்கள் இருபத்து நாலு பேர் அதே கப்பலில் இடம் போட்டுவிட்டார்கள். முக்கால்வாசிப் பேருக்கு டொராண்டோவிலோ ஹூஸ்டனிலோ ஒரு பிள்ளை இருக்கிறது. அப்படியே பிள்ளையையும் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பிவிட்டார்கள். அத்தனை பேருக்கும் அமெரிக்க விசா பாரத்தை உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் பிறவிச் செயலாளர். ஷா ஆலத்தில் அரசாங்க அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தார். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் சங்கத்துக்குச் செயலாளர். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் பஸ், சுற்றுலா பஸ், கல்யாண பஸ், செத்த வீட்டுக்குப் போகும் பஸ், எதுவானாலும் கழுத்தில் ஒரு விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். இரண்டு சின்ன ஊதல் என்றால் ஏறு. ஒரு நீள ஊதல் என்றால் இறங்கு. எல்லாரும் ஏறியதும் உள்ளே நடந்து தலைகளை எண்ணுவார். ஒரு தடவை முன்னாலிருந்து பின்னால், ஒரு தடவை பின்னாலிருந்து முன்னால். இரண்டும் ஒத்துப்போனால்தான் பஸ் நகரும்.

அந்தத் தலைகளில் என் தலை சேர்த்தி இல்லை. தொண்ணூற்று ஆறில் போர்ட் டிக்சன் போய்விட்டுத் திரும்பும் வழியில் காஜாங்கில் குச்சியில் சுட்ட இறைச்சி, சாத்தே, சாப்பிட நிறுத்தினோம். நான் கழிவறைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் பஸ்ஸைக் காணோம். நாற்பத்து நாலு பேர், கணக்கு சரி என்று கிளம்பிப் போய்விட்டார். பாதி வழியில் ஜனகா "அம்மா எங்கே?" என்று அழுததால்தான் திரும்பி வந்தார்கள். அதற்குள் நான் கோபத்தில் இன்னும் பத்துக் குச்சி சாத்தே வாங்கிச் சாப்பிட்டு முடித்திருந்தேன்.

"நீ என்ன பயணியா ராஜினி? நம்ம ஆள்தானே. உன்னைப் போய் யாராவது எண்ணுவாங்களா?" என்றார். அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் இன்றுவரை எனக்கு எரிகிறது.

தேனிலவு இன்னும் மோசம். ஒரு பழைய டாட்சன் காரில் கேமரன் மலைக்குப் போனோம். ஓட்டியது அவர். பக்கத்து சீட்டில் மாமியார். பின்னால் நான், கணவரின் அக்கா நேசம்மா மச்சாள், அவருடைய இரண்டு பிள்ளைகள். தாப்பா தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பெரியவன் என் கூறைச்சேலை மேலேயே வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகு நாற்பது வருஷத்தில் நானும் இவரும் மட்டும் தனியாக ஓர் இடத்துக்குப் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. பல் டாக்டரைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

கப்பல் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். மூவாயிரம் பேர் ஏறும் கப்பலில் இருபத்து நாலு பேர் கண்ணில் படாமல் இருக்க வழி உண்டு. ஆனால் கப்பல் கரையில் நிற்கும் நாள்களில் ஒரே ஒரு நாள், அவரும் நானும் மட்டும் இறங்கிப் போக வேண்டும். அந்த ஒரு நாளை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். கிள்ளான் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். பார்வை நேரம் முடிந்த பிறகு எத்தனை கூட்டத்தை வார்டிலிருந்து வெளியே அனுப்பியிருப்பேன்.

செயின்ட் லூசியா என்ற தீவில் கப்பல் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை நிற்கும். கப்பல்காரர்களே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நாற்பத்தைந்து பேர், சட்டையில் நம்பர் ஒட்டுவார்கள், முன்னால் ஒருவர் கொடி பிடித்துப் போவார். இதை நான் வீட்டிலேயே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் சின்னக் குழுக்களைத் தனியாகக் கூட்டிப்போகிறவர்களைத் தேடினேன். போய் வந்தவர்கள் எழுதியதையெல்லாம் ஒரு வாரம் படித்து, மூன்று பேருக்கு எழுதினேன். ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர் எல்லாருக்கும் அனுப்பும் விளம்பரத்தை எனக்கும் அனுப்பினார். மூன்றாவது, மார்வா என்ற பெண்மணி. தம்பியின் படகில் தீவைச் சுற்றிக் காட்டுகிறவர். அவர் மட்டும் திருப்பிக் கேள்வி கேட்டார்.

"என் படகில் ஆறு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. யார் வருகிறார்களோ அவர்களுக்குப் பிடித்த மாதிரிதான் அந்த நாளை அமைப்பேன். எவ்வளவு தூரம் நடப்பீர்கள்? எதற்குப் பயம்? உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

என் முழங்கால் வலியைப் பற்றி உடனே எழுதினேன். என் கணவருக்கு நீச்சல் தெரியாது, நெத்திலிப் பொரியலும் வெயில் இல்லாத இடமும் பிடிக்கும் என்று எழுதினேன். எனக்கு என்ன பிடிக்கும் என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. என்னை யாரும் இப்படிக் கேட்டு வருஷக்கணக்காகிறது. இரண்டு நாள் அதையே யோசித்தேன். பாசாரில் மீன்காரர் "அக்கா, வெட்டவா வேணாமா?" என்று மூன்று தடவை கேட்கும்படி ஆயிற்று. கடைசியில் எழுதினேன். "நடுக்கடலில் பத்து நிமிஷம் எஞ்சினை நிறுத்த வேண்டும். யாரும் பேசக் கூடாது. என் கணவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்."

"செய்யலாம்" என்று பதில் வந்தது. அங்கேயும் இங்கேயும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். கடிகாரத்தில் இரண்டு பேருக்கும் ஆறுமணி. அந்த ஒற்றைச் சொல்லைப் படித்துவிட்டுச் சமையலறையில் நான் தனியாகச் சிரித்தேன்.

மறுநாள் காலை தோசை நன்றாக வந்திருந்தது. மனசு இளகி, அவரிடம் படகைப் பற்றிச் சொல்லித் தொலைத்தேன். எஞ்சின் விஷயத்தைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் அதை மட்டும் விட்டுவிட்டேன்.

"ஆறு பேரா?" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம ரெண்டு பேர், நேசம்மாக்கா, தம்பி கார்த்திகேசு, அவன் வைஃப் தங்கமணி. அஞ்சாச்சு. இன்னொரு சீட் சும்மா போகுதே லா!"

"சும்மா போகட்டுமே. நாம ரெண்டு பேர் மட்டும் போனா என்னங்க?"

"சே, யாராவது கேட்டா என்ன நினைப்பாங்க?"

எங்கள் ஆள்களில் ஒருவரைக் கூப்பிட்டு இன்னொருவரை விட முடியாது. நேசம்மா மச்சாளைக் கூப்பிட்டால் அவருடைய சம்பந்தியைக் கூப்பிட வேண்டும். சம்பந்தி வந்தால் சம்பந்தியின் தங்கை என்ன பாவம் செய்தாள்? அதுவும் போனில் சொன்னால் மரியாதை இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேட்டி கட்டிக்கொண்டு கிள்ளானில் தொடங்கி காஜாங் வரை வீடு வீடாகப் போய், கல்யாணத்துக்கு அழைப்பது போல் படகுக்கு அழைத்துவிட்டு வந்தார். எட்டு வீட்டில் கோப்பி. திரும்பி வந்தபோது இருபத்தாறு பேரும் படகில் ஏறியிருந்தார்கள்.

"அந்த அம்மாவுக்கு எழுது ராஜி. கொஞ்சம் பெரிய படகா பார்க்கச் சொல்லு" என்றார்.

எழுதினேன். எழுதும்போது கண் கலங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன். மார்வாவின் பதில் நாலே வரி. "இருபத்தாறு பேர் என்றால் அது என் படகு இல்லை, பஸ். நல்ல பஸ்காரர் ஒருவருடைய நம்பர் தருகிறேன். ஆனால் எஞ்சினை நிறுத்தச் சொன்னவர் நீங்கள்தானே? உங்களுக்கு இரண்டு இடம் ஞாயிற்றுக்கிழமை வரை பிடித்துவைக்கிறேன்."

அந்த பஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு மூளை வேலை செய்தது. அந்தப் பஸ்காரருக்கு எழுதி, எல்லாவற்றையும் பேசி முடித்தேன். இவரிடம் மூச்சு விடவில்லை. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக.

சனிக்கிழமை மத்தியானம் பிரிக்ஃபீல்ட்ஸில் சங்கத்து மாடி ஹாலில் கூட்டம். கறிபாப், தேத்தண்ணி, அச்சடித்த நிகழ்ச்சி நிரல் எல்லாம் உண்டு. கமலநாதன் விசிலை மாட்டிக்கொண்டு முன்னால் நின்றார். படகு என்று அவர் வாயைத் திறக்கும் முன் நான் எழுந்துவிட்டேன்.

"படகு ஆடும். தலை சுத்தும். படகில கழிவறை கிடையாது" என்றேன். "அதுக்குப் பதிலா ஏர்கோன் பஸ் ஒன்னு பேசியிருக்கேன். மணிக்கு ஒரு தடவை நிறுத்துவாங்க. மத்தியானம் சோறு, மீன் கறி. கடைத்தெருவில ஒரு மணி நேரம். நாலு மணிக்கெல்லாம் கப்பல் வாசல்ல கொண்டாந்து விட்டுடுவாங்க."

கை தட்டினார்கள். கடைத்தெருவுக்கு இரண்டு மணி நேரம் வேண்டும் என்று தங்கமணி ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். பஸ்ஸுக்குக் கமலநாதன்தான் தலைவர் என்று கார்த்திகேசு முன்மொழிய, எல்லாரும் ஆமோதித்தார்கள். அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"அப்ப இருபத்தாறு பேர்னு எழுதிக்கிறேன்" என்றார்.

"இருபத்து நாலு" என்றேன். "நான் பஸ்ஸில வரலை. அந்தச் சின்னப் படகில போறேன். அதில ரெண்டு சீட் இருக்கு. ஒன்னு எனக்கு. இன்னொன்னு நாளை வரைக்கும் காலியா இருக்கும்."

அவர் பேனாவைத் தூக்கியபடியே நின்றார். இத்தனை பேர் முன்னால் அவரை இப்படி நிறுத்தியது தப்புதான். ஆனால் வீட்டில் சொல்லியிருந்தால் "பார்க்கலாம்" என்று நழுவியிருப்பார்.

"அண்ணன் இல்லாம பஸ்ஸா? எங்களை யார் எண்ணுறது?" என்றான் கார்த்திகேசு.

"அதானே, நான் எப்படி..." என்று இவர் தொடங்கினார்.

அப்போது நேசம்மா மச்சாள் இவரைப் பார்த்துக் கைத்தடியைத் தரையில் தட்டினார். எழுபத்தாறு வயது. "தம்பி, வாயை மூடு. அன்னைக்கு அந்த டாட்சன் காரிலிருந்து நான் தாப்பாவிலேயே இறங்கியிருக்கணும். அம்மா கூப்பிட்டாங்கன்னு ஏறினேன். இந்தப் பொண்ணு சேலையைக் கழுவிக் கழுவி அழுதது எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு" என்றார்.

நாற்பது வருஷம் அவர் அதை மனசில் வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. மச்சாள் மேல் நான் வைத்திருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதியை மெதுவாக விடலாம்.

"யோசிக்கிறேன்" என்றார் கமலநாதன். கூட்டம் கலைந்தது.

நான் பின்கட்டில் தேத்தண்ணிக் கிளாஸ்களைக் கழுவப் போனேன். யோசிக்கிறேன் என்றால் அவர் அகராதியில் 'மாட்டேன்' என்று அர்த்தம். சரி, தனியாகப் போவோம், எஞ்சினை நிறுத்தும்போது பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரே கிளாஸை மூன்று தடவை கழுவினேன்.

கீழே விசில் சத்தம் கேட்டது. இரண்டு சின்ன ஊதல் இல்லை, ஒரு நீள ஊதலும் இல்லை. கோழி கத்துவது மாதிரி என்னவோ ஒன்று. கமலநாதன் ஒருநாளும் அப்படி ஊதமாட்டார். கையைத் துடைத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கி வந்தேன். வாசலில் கார்த்திகேசு நின்றுகொண்டு, கழுத்தில் அந்த விசிலைத் தொங்கவிட்டு, கன்னம் உப்ப ஊதிப் பழகிக்கொண்டிருந்தான்.

"அண்ணன் குடுத்துட்டாரு அண்ணி" என்றான். அவனாலேயே நம்ப முடியவில்லை. "ரெண்டு தடவை எண்ணணும்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தாரு."

நான் காருக்குப் போனேன். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டேன். அவர் சாவியைத் திருகினார், ஆனால் காரை நகர்த்தவில்லை. பழக்கத்தில் கை கழுத்துக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது. பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. பிறகு விரலை நீட்டி என்னைக் காட்டினார்.

"ஒன்னு" என்றார். தன் நெஞ்சைத் தொட்டார். "ரெண்டு."

பிறகு வழக்கப்படி திரும்பவும், இந்தத் தடவை தன்னிலிருந்து தொடங்கி என் வரைக்கும் எண்ணினார்.

"ஒன்னு, ரெண்டு. கணக்கு சரி ராஜி. போலாமா?"