மாத்தாள் சுமந்த ஆசை

பானுமதியின் டீ ஆசை அவளை விட்டுக் கிளம்பி மாதம்மாளின் நாக்கில் போய் உட்கார்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று பாலக்கோட்டு மண்டியில் தக்காளி விலை சுமார். மாதம்மாள் டீயே தொடாமல் கூழ் குடித்தே வளர்ந்தவள். தக்காளி பறித்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று பாகு மாதிரி சர்க்கரை போட்ட டீ வேண்டுமென்று வாய் ஊறியது. பக்கத்துச் சாலில் குனிந்திருந்த பானுமதிக்கோ, விடிந்ததிலிருந்து பிடுங்கித் தின்ற அதே ஆசை அந்த நொடியே விட்டுப்போயிற்று. டீயைப் பாகாகக் குடிப்பவள் ஊரில் பானுமதி ஒருத்திதான். அதனால் ஆசை யாருடையது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

பானுமதிக்குச் சர்க்கரை வியாதி. கால் பெருவிரலில் முள் குத்திய புண் ஆறவே இல்லை. இனிப்பை விடாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். புருஷன் போனபின் அவள் ஒருத்தியாய் நின்று பயிர் பண்ணும் காடு அது. விரல் போனால் ஈரச் சாலில் கால் ஊன்ற முடியாது.

இன்று உன் காட்டுக்கு நான், நாளை என் காட்டுக்கு நீ என்று மாத்தாள் போகிற ஊர் அது. வேலைக்குப் போகிறவர்கள் ஆசைக்கும் போனார்கள். காலையில் மாதம்மாள், மதியம் மளிகைக்கடை மாதேஸ்வரன், சாயங்காலம் டவுன் பஸ்ஸில் இறங்கும் கவிப்பிரியா என்று ஆசை ஆள் மாறியது. யாரிடம் வந்ததோ அவர்கள் பானுமதியை நன்றாகத் திட்டிவிட்டு, அது அடங்கும்வரை பொறுத்துக்கொண்டார்கள். புண்ணின் ஓரம் காயத் தொடங்கியது.

ஆனால் மாத்தாளுக்கு வந்தவர்களுக்குத் திரும்பப் போகாமலிருப்பது அந்தப் பக்கத்தில் பெரிய மானக்கேடு. இந்த நொண்டிக்காலை வைத்துக்கொண்டு எதைத் திருப்பிச் செய்வது என்று பானுமதி குமைந்தாள். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல், ஊர் எல்லைக்கு அப்பால் அண்ணனின் கரும்புக்காட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டாள். அங்கிருந்து எல்லை தாண்டி ஊராரிடம் போக ஆசைக்குத் தெரியாது. அவ்வளவும் மொத்தமாக அவள்மேலேயே இறங்கியது. கொட்டகையில் இருந்த வெல்லத்தில் பாதியைத் தின்று தீர்த்தாள். நடந்து வந்த நடையும் சேர்ந்து, புண் மறுபடி வாய் திறந்தது.

ஊரில் காலை நேரம் நாக்கில் ஒன்றும் ஊறாமல் கழிந்ததும் மாதம்மாளுக்கு விஷயம் பிடிபட்டது. பானுமதிக்குப் போக்கிடம் அண்ணன் காடு ஒன்றுதான். தக்காளிக் கூடைகளை அப்படியே போட்டுவிட்டு, டிராக்டர் பிடித்துத் தேடி வந்தாள்.

"சொல்லாம கொள்ளாம ஏன்டி வந்த?"

"எத்தன நாளைக்குக்கா நீங்களே சுமப்பீங்க? நான் எப்பிடித் திருப்பித் தர்றது?"

மாதம்மாள் மடியிலிருந்த புகையிலைப் பொட்டலத்தை எடுத்துக் கரும்புக்குள் வீசினாள். "நானும் இத வுட்டுப்புடலாம்னுதான் பாக்கறேன். ஒண்டியா முடியல. எம் பங்க நீ எடுத்துக்க. எந்திரி, வூட்டுக்குப் போலாம்."

அன்று சாயங்காலமே பானுமதிக்குக் கடைவாயில் புகையிலை கேட்டு அரித்தது. அழுதுகொண்டே அதைத் தாங்கினாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அழுதது அதுதான் முதல் தடவை. அதன்பின் மாதேஸ்வரனின் பீடி ஆசை வந்தது, கவிப்பிரியாவின் பரோட்டா ஆசை வந்தது. இரண்டு தக்காளிப் போகம் முடிவதற்குள் புண் மூடியது. விரல் காலோடு இருந்தது. எந்த டாக்டர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் தெருவைக் கைகாட்டினாள். அந்த ஜனங்களுக்கு எத்தனை ஜென்மம் மாத்தாள் போனாலும் தகும் என்று அவளுக்குத் தோன்றும்.

போன பங்குனியில் ஒருநாள், பொழுது சாயும் நேரம், களி கிளறிக்கொண்டிருந்தவளுக்குத் தொண்டை எரியச் சாராயம் வேண்டும்போல் இருந்தது. ஜென்மத்தில் அதைத் தொடாதவள். ஊரில் குடிக்கிறவர்கள் ஒருவர் இருவர் அல்ல, அவர்களிடம் அடிவாங்கும் பெண்களும் ஒருவர் இருவர் அல்ல. யாரோ விட ஆரம்பித்திருக்கிறார்கள் என்று மட்டும் புரிந்தது. டீயைவிட, புகையிலையைவிட இது கனமாக இருந்தது. ஒருத்தியால் ஆகாது என்று அடுப்பை அணைத்துவிட்டு மாதம்மாளைக் கூப்பிட வெளியே வந்தாள். மாதம்மாள் ஏற்கெனவே தன் வாசலில் தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்பால் மாதேஸ்வரன், எதிரே கவிப்பிரியா, தெருக்கோடிவரை வாசலுக்கு ஒருவர். யார் வீட்டு ஆசை என்று ஒருவரும் கேட்கவில்லை. பானுமதியும் தன் வாசலில் உட்கார்ந்து தன் பங்கைச் சுமந்தாள்.