கையில் நின்ற பந்து

உக்குவளை ஸ்டேஷனில் அந்தச் சனிக்கிழமை டொறீன் தனியாகத்தான் இறங்கினாள். மாத்தளையில் அவள் படிக்கும் கல்லூரியின் வலைப்பந்து அணி, மூன்று சனிக்கிழமை இந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும், பழக்கினால் சான்றிதழ். போன கிழமையோடு அது முடிந்துவிட்டது. கூட வந்த தோழிகளுக்கு இனி இங்கே வேலையில்லை.

பள்ளிக்கூட கேற்றடியில் நூருன்னிஸா டீச்சர் மறித்தார்.

"மகள், ஒங்கட முறை முடிஞ்சிட்டே? கொழும்புல குண்டு வெடிச்சதுலேர்ந்து வெளியாக்கள உள்ள எடுக்க வாணாம்னு அதிபர் சொல்லீக்கிறார். ஏன் வந்தீங்க?"

"சும்மாதாங்க டீச்சர்."

சும்மா இல்லை. கொழும்பில் கடையில் வேலைக்கு நின்ற அண்ணன் சில்வெஸ்டரைப் படையினர் சுற்றிவளைப்பில் பிடித்துப்போய் மாதங்களாகிவிட்டன. சேதி இல்லை. அன்றிலிருந்து விடுதியில் டொறீன் நுழைந்தால் பேச்சு நின்றுபோகும். யாரும் ஏசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. ஜெபமாலை சொல்லி முடித்தபின் சிலவேளை தன் பெயரைத் தானே மெல்லச் சொல்லிப் பார்ப்பாள். ஆண்டவர் கேட்டிருப்பார். ஆனாலும் அதை ஒரு மனுஷ வாய் சொல்லக் கேட்க மனம் ஏங்கியது.

மைதானத்திலிருந்து மாணவி றமீஸா கத்தினாள்: "டீச்சர், நாச்சியா வரல்ல! ஏழு பேர் வேணும். அந்த அக்காவ விடுங்க!"

"அக்காக்கு வேற வேலை வெட்டி இல்ல போல!" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

டீச்சர் டொறீனின் முகத்தைப் பார்த்தார். இரக்கம் என்பது சில நேரம் ஒரு கேற்றைத் திறந்துவிடுவதுதான்.

"என்ட பொறுப்புல வாங்க."

வலைப்பந்தில் பந்தோடு ஓடக் கூடாது. பிடித்த இடத்தில் நின்று, உடனே இன்னொருத்திக்கு எறிய வேண்டும். பந்து டொறீனின் கைக்கு வந்தது. ஆறு பேரும் கை தூக்கினார்கள்.

"டொறீன் அக்கா! இங்க!"

"டொறீன் அக்கா, எனக்கு! எனக்கு!"

அவள் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

டீச்சர் விசில் ஊதினார். "புடிச்சிட்டே நிக்கேலா மகள்! இத நீங்கதானே இவளுகளுக்குப் படிச்சுக் குடுத்தீங்க?"

"மன்னிச்சுக்குங்க டீச்சர்." "பேர் சொல்லிக் கூப்புட்டாங்க... கேட்டுக்கிட்டே நின்னுட்டேன்."

டீச்சர் ஆட்ட விதிப்படி பந்தை வாங்கி எதிர் அணியிடம் கொடுத்தார். பிறகு, அவளைக் கடக்கும்போது மெதுவாகச் சொன்னார்:

"வார சனிக்கிழமையும் வாங்க மகள். அதிபர்கிட்ட நான் பேசறன். நாச்சியா வந்தாலும் நீங்க வாங்க."