அந்தோனியார் மெடலில் ஓர் ஊசி

வெள்ளவத்தையில் கடலோர ரயில் பாதைக்குப் பக்கத்தில் அந்த ஆய்வுகூடத்தைக் கட்டியவருக்கு நல்ல காற்று வேண்டியிருந்திருக்கும். பௌதிகம் வேண்டியிருந்திருக்காது. பாணந்துறை ரயில் போகும்போதெல்லாம் மேசை ஆடும். பிஸ்மத் துண்டின்மேல் இமெல்டா அழுத்தி வைத்த ஊசி நழுவும். அதனால் அவள் ரயில் நேரசூசியைப் பார்த்துத்தான் ஆராய்ச்சி செய்துவந்தாள்.

பிஸ்மத் ஓர் அரையுலோகம். மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் அரை மனதோடு. அதன் மேற்பரப்பில் ஒரு வெள்ளி ஊசியை அழுத்திக் கடுங்குளிரில் வைத்தால், ஊசி தொடும் புள்ளியில் மட்டும் மின்தடை அடியோடு இல்லாமல் போகலாம் என்பது பேராசிரியர் சிவபாலனின் நம்பிக்கை. வெள்ளியோ பிஸ்மத்தோ தனியாக அந்தக் குளிரில் அப்படிச் செய்வதில்லை. இரண்டும் தொடும் இடத்தில் அது நடந்தால் கண்டுபிடிப்பு. நடந்தால் தற்காலிக உதவியாளரான இமெல்டாவுக்கு நிரந்தர வேலை. நடக்காவிட்டால் வருட முடிவோடு வீட்டுக்குப் போகலாம்.

வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய வெள்ளிக் கம்பி வந்தபாடில்லை. இமெல்டா கொட்டாஞ்சேனை வீட்டில் அம்மா எவ்லினிடம் அப்பாவின் அந்தோனியார் மெடலைக் கேட்டாள். துறைமுகத்தில் வேலை செய்த அப்பா, கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கிவந்து, சாகும்வரை "சுத்த வெள்ளி" என்று சொல்லிக்கொண்டிருந்த மெடல். அறுக்கப்போகிறேன் என்றால் அம்மா தரமாட்டாள்.

"லாபில வைக்க அம்மா, ஒரு ஆசீர்வாதத்துக்கு."

மகளுக்கு ஒருவழியாகப் பக்தி வந்துவிட்டதென்று எவ்லின் கண்கலங்கி, மெடலை முத்தமிட்டுக் கொடுத்தாள். மகள் அடுத்த நாளே அதன் விளிம்பை அறுத்துக் கூராக்கினாள். புனிதரின் முகத்தில் மட்டும் கைவைக்கவில்லை. அவ்வளவு பயமாவது இருந்தது.

குளிர் ஏழு கெல்வினுக்கு இறங்கியதும் மின்தடை சடாரென்று விழுந்தது.

சிவபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "நீர் பெரிய ஆள், இமெல்டா," என்றார். அன்று பின்னேரமே ஹெவ்லொக் டவுனில் அவருடைய சொந்தக்காரர் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது. எவ்லின் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தி, ஒழுங்கைச் சனம் முழுவதற்கும் பேக்கரிப் பணிஸ் வாங்கிக் கொடுத்தாள்.

இமெல்டா மட்டும் அந்த ஏழையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஏறக்குறைய அந்தக் குளிரில்தான் ஈயம் தன் தடையை இழக்கும். சிவபாலனுக்கும் அது தெரியும். ஆனால் ஊசி வெள்ளி என்று அவருக்கு இமெல்டா சொல்லியிருந்தாள். இமெல்டாவுக்கு அப்பா சொல்லியிருந்தார்.

பிஸ்மத்தை எடுத்துவிட்டுச் சாதாரணச் செம்பில் அதே ஊசியை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். செம்பில் தடை விழக்கூடாது. விழுந்தால் அது ஊசியின் வேலை. இதைச் செய்யாமலிருக்க அவளுக்குக் காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன, ரயிலும் அவற்றில் ஒன்று. ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பவேண்டிய காலையில் வேறு காரணம் கிடைக்காததால் செய்தாள்.

செம்பிலும் விழுந்தது. அதே ஏழில்.

"சேர், ஊசி வெள்ளியில்ல. ஈயம் கலந்தது."

"எங்கால எடுத்தனீர்?"

"அந்தோனியார் மெடல், சேர்."

சிவபாலன் மற்றவர்களின் சாமியைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர். "கட்டுரையை நிப்பாட்டும். உம்மட வேலைக்கு நான் இனி எதைக் காட்டிக் கேக்கிறது?" என்றார். அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

வீட்டுக்கு வந்தபோது எவ்லின் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பாட மெடல் வெள்ளியில்ல."

"ஓம், தெரியும்." எவ்லின் நிமிரவில்லை.

"எப்ப இருந்து?"

"கொண்டுவந்த அண்டைக்கே. மனுசன் அவ்வளவு சந்தோசமாச் சொல்லேக்க, இல்லையெண்டு எப்பிடிச் சொல்றது?"

"எனக்காவது சொல்லியிருக்கலாமே!"

"நீ ஆசீர்வாதத்துக்கெண்டுதானே கேட்டனீ? அதுக்கு ஈயம் காணுமே, வெள்ளி என்னத்துக்கு?"

இமெல்டா பையிலிருந்து மெடலை எடுத்து மேசையில் வைத்தாள். எவ்லின் அறுபட்ட விளிம்பை விரலால் தடவினாள். அப்போதுதான் அவள் முகம் விழுந்தது. பிறகு ஈரக் கையை ஹவுஸ்கோட்டில் துடைத்துக்கொண்டு, கழுத்துச் சங்கிலியிலிருந்த சிலுவையைக் கழற்றி மகளிடம் நீட்டினாள்.

"இது வெள்ளி. உங்கட அப்பாவுக்குத் தெரியாமச் செய்விச்சனான்," என்றாள். "இனிமேல் வெட்டுறதெண்டா, வெட்டவெண்டு சொல்லிக் கேள்."