தலையில்லாத முகப்புப் பக்கம்

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2002இல், சின்ன காஞ்சிபுரத்து பிரவுசிங் சென்டர் ஒன்றில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள். எழுந்திருக்கிற வழியாய் இல்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த திரையில் பட்டுடுத்திய ஒரு பெண், தலையில்லாமல். பார்த்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் கட்டியது.

2

‘பட்டுநூல் போல மெல்லிய ஸ்ரீவல்லி, அந்தி மயங்கும்…’

வேண்டாம். கல் சுமந்து பிழைத்த வீட்டில் வளர்ந்தவனுக்கு இந்த நடை ஒட்டாது.

ஸ்ரீவல்லிக்கு வேலை வேண்டும். சென்னையில் இளம்பெண்களுக்கான ஃபேஷன் பத்திரிகை ஒன்று இணையதளம் தொடங்குகிறது. அவள் செய்துதரும் முகப்புப் பக்கம் பிடித்துவிட்டால் திங்கட்கிழமை முதல் அங்கே வேலை. காஞ்சிபுரத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து செய்கிறாள்; பக்கத்தில் பட்டுச்சேலை கட்டிய ஒரு மாடலின் படம். டெலிபோன் இணைப்பில் படம் மேலிருந்து கோடு கோடாகத்தான் இறங்கும். சீக்கிரம் இறங்க எதையாவது வெட்டியாக வேண்டும். கரையை வெட்ட மனம் வரவில்லை. முந்தானையை வெட்டவும் வரவில்லை. கழுத்துக்கு மேலே வெட்டினாள்.

(பட்டு நெய்யும் இந்த ஊரில் யாருக்கும் இது தப்பாகத் தோன்றாது.)

3

பத்திரிகை ஆசிரியர் ஸுஷ்மா போனில் கேட்டார்: “ஸ்ரீவல்லி, மாடலோட தலை எங்க?”

“படம் பெரிசா இருந்தது, மேடம். கரையில கை வைக்க முடியல.”

“அதனால தலையில கை வெச்சியா? அஞ்சு மணிக்குள்ள முகத்தோட அனுப்பு. இல்லன்னா திங்கக்கிழமை வர வேணாம்.”

4

ஸ்ரீவல்லி திரும்பினாள். சோதனைக்காக அவள் திறந்து கொடுத்த பக்கத்தின் முன் அந்தக் கல்லூரிப் பெண்கள், மங்கையும் அபிநயாவும். சேலையின் மாம்பழ மஞ்சள் மெல்ல மெல்ல இறங்கியது, தண்ணீரில் கரைத்துவிட்ட வெயிலைப் போல.

“அது நானு,” என்றாள் அபிநயா.

“போடி. இவ்ளோ சின்ன கை வெச்ச ஜாக்கெட்ட உங்கப்பா போட உடுவாரா?”

“அவருக்கு எப்பிடித் தெரியும்? தலதான் இல்லியே.”

சென்டர்காரர் வேல்முருகன் ஸ்ரீவல்லியிடம் முனகினார்: “ரொம்ப நேரமா இதையே பாத்துக்கினு இருக்குதுங்கம்மா. வெளிய ஸ்கோர் பாக்க ஆளு நிக்கிது.”

அவர்கள் காதில் அது விழவில்லை. இருவரும் அந்த மஞ்சளுக்குள் போய்விட்டார்கள். அங்கே ஒரு தெரு. யார் வீட்டுப் பெண் என்று கேட்க ஒருவரும் இல்லாத தெரு. மங்கை நடக்கிறாள், முந்தானை அவளுக்குப் பின்னால் வெகுதூரம்… (இங்கே நிறுத்துகிறேன். அதற்குமேல் போக எனக்கு உரிமையில்லை.)

5

ஒரு முடிவு: தலையை ஒட்டி அனுப்புகிறாள். வேலை கிடைக்கிறது. எனக்கு இதுதான் சம்மதம். கையில் வந்த வேலையை உதறும் கதாநாயகிகளை எழுத எனக்குக் கூசும். ஆனால் முகம் தெரிந்ததும், “யாரோ மாடல்பா” என்று மங்கை எழுந்துவிடுகிறாள். ஸ்ரீவல்லி அதைப் பார்க்கிறாள்.

இன்னொன்று: அந்தப் பெண்கள் படத்தில் தங்களையே கண்டதை எழுதி, படத்தை அப்படியே தலையில்லாமல் அனுப்புகிறாள். ஸுஷ்மா அதைப் படித்து மனம்…

இல்லை. அவ்வளவு பெரிய பொய் எனக்கு வராது.

மணி ஐந்தாகப் போகிறது. ஸ்ரீவல்லியின் கை மவுஸின் மேல். அவளுக்கு நான் இதுவரை ஒரு முகம் எழுதவில்லை. நீங்கள் வைத்திருப்பீர்கள், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த யாருடையதையோ. அவள் என்ன செய்வாள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.