கடைசிக் கூடை வரும்வரை

ஒர்சோலா தன் கணவன் சபினோவின் தாடையைத் துணியால் கட்டி முடித்தபோது முற்றத்தில் டிராக்டர் வந்து நின்றது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கீழே இறங்கினாள்.

நேற்று மாலை நோயில் கிடந்த சபினோ, பழுத்துவிட்டதா என்று படுத்தபடியே ஒரு திராட்சையின் கொட்டையைக் கடித்துப் பார்த்து, "நாளைக்குப் பறிச்சிடுங்க" என்றிருந்தான். விடியுமுன் மூச்சு நின்றது. இரவு மழை என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாவு என்று தெரிந்தால் அந்தப் பள்ளத்தாக்கில் எவரும் அடக்கம் முடியும்வரை கத்தரிக்கோலைத் தொடமாட்டார்கள். அதற்குள் நவம்பர் மழையில் சரிவு முழுக்க அழுகிவிடும்.

"அண்ணன் எழுந்தாச்சா, அண்ணி?" சபினோவின் தம்பி மொதெஸ்தினோ டிராக்டரிலிருந்து குதித்தான்.

"தூங்குறாரு."

"நல்லதாப் போச்சு," என்றாள் பறிக்க வந்த மஃபால்டா. "ஆனா அவரு திட்டாம இந்தப் பழம் இனிக்குமா, அக்கா?"

"நீ வாயை மூடிட்டுப் பறி. தானா இனிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மொதெஸ்தினோ மட்டும் மாடி ஜன்னலை ஒரு தரம் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு கூடையை எடுத்துக் கொடுத்தான்.

கொடி வரிசைகள் பாதியிலேயே மூடுபனிக்குள் கரைந்துபோயிருந்தன. மனிதர்கள் தெரியவில்லை; ஒரு தொப்பி, ஒரு கை, கத்தரிக்கோல் சத்தம். அடுத்த வரிசையில் சபினோ நடக்கிறான் என்று ஒர்சோலாவுக்குத் தோன்றியது. அவள் நின்றால் அவனும் நின்றான். சொல்லாதவரை அவன் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறான்.

இந்தத் திராட்சையின் ஒயினைப் புதிதில் வாயில் வைக்க முடியாது, அப்படித் துவர்க்கும். கல்யாணமான புதிதில் சபினோவும் அப்படித்தான் இருந்தான். வருஷக்கணக்கில் இருட்டில் கிடந்த பிறகுதான் அதில் காய்ந்த செர்ரி வாசமும் புகை வாசமும் எழும்பும். இந்த வருஷத்து ஒயின் தனக்கில்லை என்று கொட்டையைக் கடித்தபோதே அவனுக்குத் தெரியும்.

மதியம் ரொட்டியும் அவித்த அவரைக்கொட்டையும் கொண்டுபோனாள். ஒருவரும் ஒயின் ஊற்றிக்கொள்ளவில்லை. காலையிலிருந்து ஒரு பாட்டுகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"என்னடி, குடிக்கலையா?"

"முடிச்சிடலாம் அக்கா," என்றாள் மஃபால்டா, முகத்தைப் பார்க்காமல். நின்றபடியே தின்றுவிட்டுச் சரிவில் ஓடினாள்.

கடைசிக் கூடை கொட்டகைக்குள் போனபோது தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன. மொதெஸ்தினோ இன்ஜினை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினான்.

"எல்லாம் உள்ள வந்திருச்சு. இப்பச் சொல்லுங்க, அண்ணி."

ஒர்சோலா அவனையே பார்த்தாள். "எப்பத் தெரியும்?"

"எனக்குக் காலையிலயே. கொஞ்ச நேரத்துல எல்லாருக்கும். பறிக்கிற அன்னைக்கு என்னைக்காவது அண்ணன் தூங்கியிருக்காரா?"

அவள் மாடி ஜன்னலைக் காட்டினாள்.

கொட்டகை வாசல் குழாயடியில் மற்றவர்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். சோப்புப் போட்டார்கள், மண்ணை வைத்துத் தேய்த்தார்கள். கறை போகுமென்று மஃபால்டா ஒரு புளிப்பான திராட்சைக் காயைப் பிழிந்து தேய்த்துப் பார்த்தாள். கருஞ்சிவப்பு போகவில்லை. ஈரக் கைகளைக் கோட்டில் துடைத்தபடி, ஒவ்வொருவராக மாடிப்படி ஏறத் தொடங்கினார்கள்.