கல்வரம்பில் நண்டு வளை

மலையடி வட்டை என்கிற வயல்வெளியில் சுபைறாவுக்கு இரண்டு ஏக்கர். வட்டைக்கு மேற்கே பாறைமலையை உடைத்துக் கல் எடுக்கிறார்கள். விலைபோகிற கல் லொறியில் சாய்ந்தமருதுப் பக்கம் போய்விடும். விலைபோகாத கல்லும் கல்தூளும் அங்கேயே இன்னொரு மலையாகக் குவிந்து கிடக்கும். போன மாரியில் அந்தக் குவியலைக் கழுவிக்கொண்டு இறங்கிய வெள்ளம் அவளுடைய வயலில் சாம்பல்நிறச் சேற்றைப் பரப்பிவிட்டுப் போனது. ஒரு சாண் வளர்ந்திருந்த வேளாண்மைப் பயிர் அதற்குள் மூச்சுமுட்டிச் செத்தது. இந்த மாரியும் அப்படிப் போனால் நிலத்தைக் கைவிடுவதைத் தவிர அவளுக்கு வழியில்லை.

இந்த வருடம் மலைக்குப் பொறியியலாளராக வந்தவள் சிபானா, கல்முனைப் பிள்ளை. வட்டைக்கு இறங்குகிற ஓடைக்குக் குறுக்கே அந்த விலைபோகாத கற்களையே அடுக்கி, இரண்டு ஆள் உயரத்துக்கு ஓர் அணை எழுப்பியிருந்தாள். மண்ணும் இல்லை, சீமெந்தும் இல்லை. சுபைறாவும் பக்கத்து வயல்காரி வல்லியம்மையும் அதைப் பார்க்கப் போனார்கள். முதல் மழைக்கே பின்பக்கம் முழங்காலளவு தண்ணீர் தேங்கி நிற்க, முன்பக்கம் கல்லிடுக்குகளில் சிலுசிலுவென்று கசிந்துகொண்டிருந்தது.

“இதென்ன மச்சி, அணையா, இடியப்பத் தட்டா?” என்றாள் வல்லியம்மை.

சுபைறாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வரம்பு கசிந்தால் நண்டு வளை. வளையைக் கண்டால் அடைத்துவிட வேண்டும். வயல் செய்கிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காக மெஷின்கள் ஓய்ந்திருந்த நேரம் பார்த்து, வைக்கோலும் களிமண்ணும் சுமந்துபோய், தண்ணீருக்குள் இறங்கி, கை எட்டுகிற உயரம்வரை இடுக்கு இடுக்காகத் திணித்து, அடியில் உள்ளதைக் குதிகாலால் மிதித்தாள். பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னமே கசிவு நின்றுவிட்டது. ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு வீடு திரும்பினாள்.

அடுத்த கிழமை மாரி இறங்கியது. விடிந்ததிலிருந்து வானம் வெளுக்கவேயில்லை. வட்டைக்காரர்கள் எல்லோரும் மேட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று மலையிலிருந்து ஓர் ஆள் வந்து சொன்னான். சுபைறாவும் வல்லியம்மையும் ஏறிப்போய்ப் பார்த்தபோது தண்ணீர் அணையின் தலையைத் தொட இரண்டு முழம்தான் பாக்கி. மிகைத்தண்ணீர் போவதற்கு வெட்டத் தொடங்கிய வான் வேலை பாதியில் கிடந்தது. தண்ணீர் தலைக்கு மேலால் பாய்ந்தால் கற்கள் உருண்டுவிடும், அவ்வளவு தூளும் வட்டைக்குத்தான் வரும் என்று சிபானா, மண் அள்ளுகிற பெக்கோ மெஷின்காரன் கிசோக்கிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“உள்ள வாற தண்ணி வெளிய போகுதில்ல தம்பி. ஏனெண்டுதான் விளங்குதில்ல.”

சுபைறா ஓர் அடி முன்னால் வந்தாள். வல்லியம்மை அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

“நாந்தான் மகள் அடைச்சன்,” என்றாள் சுபைறா. “நண்டு வளையப் போல கிடந்திச்சு. களியால அடைச்சிட்டன்.”

சிபானா அவளைக் கரையோரம் கூட்டிப் போனாள். ஏசவில்லை.

“எங்கெங்கயெண்டு காட்டுவீங்களா ராத்தா?”

கலங்கலுக்குள் ஒன்றும் தெரியவில்லை. சுபைறா கண்ணை மூடிக்கொண்டு, எந்தக் கல்லில் கை ஊன்றினாள், எங்கே குனிந்தாள் என்று நினைத்துப் பார்த்தாள். கரையில் நின்றபடி கையை நீட்டிக் காட்டினாள். கிசோக் மெஷினின் கையை மெல்ல இறக்கி வழித்தான். வைக்கோல் கட்டி ஒன்று மேலே வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் வலப்பக்கம் என்றாள். இன்னொரு கட்டி வந்தது. அதற்கடுத்த கட்டி வந்தபோது அணையின் வயிற்றுக்குள் ஏதோ விழுங்குகிற ஓசை கேட்டது.

தண்ணீர் சுழித்துக் கீழே இறங்கியது. சுபைறா பக்கத்துக் கல்லில் கை வைத்தாள். கல் அதிர்ந்துகொண்டிருந்தது. முன்பக்கம் இடுக்குக்கு இடுக்கு தண்ணீர் எட்டிப் பார்த்தது, முதலில் சாம்பலாக, பிறகு அரிசி கழுவின நிறத்தில், பிறகு அந்த நிறமும் போய். மேலே மரத்தை முறித்துக்கொண்டு வந்த வெள்ளம், விலைபோகாத அந்தக் கற்களுக்குள் புகுந்து, வாய்க்கால் தண்ணீரின் நடையில் வெளியே வந்தது. வல்லியம்மை கும்பிட்டாள். சுபைறாவின் வாயிலிருந்து சுப்ஹானல்லாஹ் என்ற சொல் தன்பாட்டில் வந்தது.

“நிப்பாட்டக் கட்டினதில்ல ராத்தா,” என்றாள் சிபானா. “மெதுவா நடக்க வைக்கத்தான். மெதுவா நடந்தா, சுமந்து வாறத இங்கயே வச்சிட்டுப் போகும்.”

மழை தணிந்ததும் இருவரும் வயலுக்கு இறங்கினார்கள். மேல்மூலையில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குச் சாம்பல் படிந்திருந்தது. மற்றதெல்லாம் பச்சை. கணுக்கால் தண்ணீரில் சுபைறாவுக்குத் தன் கால்நகம் தெரிந்தது. அவள் கண் வரம்புக்குப் போனது. அங்கே ஒரு நண்டு வளை ஒழுகிக்கொண்டிருந்தது. குனிந்து ஒரு பிடி களி எடுத்தவள் அப்படியே நின்றாள்.

“அடைக்கலாமோ எண்டு இஞ்சினியர்ப் புள்ளையிட்ட கேட்டுட்டு வரட்டா மச்சி?” என்றாள் வல்லியம்மை.

“பொத்து வாய. இது என்ட வரம்பு,” என்று சுபைறா களியை வைத்துக் குதிகாலால் மிதித்தாள்.

மேற்கே கற்கள் இன்னும் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தன. அந்த இரைச்சல் வட்டை முழுக்கத் தாழ்வாகப் பரவி வந்தது. இருவரும் சேற்றுக்காலோடு அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.